‘எஸ்டேட்’ – தோட்டம் மட்டுந்தானா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு ‘எஸ்டேட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பள்ளிக்கூடமே போகாத பாட்டிமாருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் அது. அதைக் கேட்டதும் பால்மரக் காடு, விடியற்காலைப் பெரட்டு, லயத்து வீடு, மாரியம்மன் கோயில், கங்காணி, கிராணி, துரை பங்களா என்று ஒரு முழு உலகமே கண்முன் எழும்.

அதே சொல்லை ஒரு வழக்கறிஞரிடம் சொன்னால், இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து அவர் நினைவுக்கு வரும். வீடு விற்கும் முகவருக்கு அது நிலமும் கட்டடமும். பத்திரிகையாளருக்கு அது அவருடைய தொழிலுக்கே உரிய பட்டப்பெயர். வரலாற்று ஆசிரியருக்கு அது பிரெஞ்சுப் புரட்சி. பிரிட்டனில் கார் விற்பவருக்கோ, பின்புறம் நீண்டு சாமான் ஏற்ற வசதியாக இருக்கும் ஒரு வகைக் கார்!

ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்கள் வந்தன? இவற்றுக்குள் உறவு ஏதும் உண்டா? உண்டு. அந்த உறவைத் தேடிப் போனால், அது மலாயாத் தோட்டப்புற மக்களின் வரலாற்றிலேயே கொண்டுபோய் விடுகிறது.

நிற்பதில் பிறந்த சொல்

இலத்தீன் மொழியில் ‘ஸ்டாரே’ என்றால் நிற்றல். அதிலிருந்து வந்தது ‘ஸ்டாட்டுஸ்’, அதாவது நிற்கும் விதம், நிலை. தமிழிலும் இதே வழிதான். நில் என்ற வினையிலிருந்து நிலை வந்தது, நிலைமை வந்தது, நிலையம் வந்தது. ஆங்கிலத்தில் ரயில் நிற்கும் இடத்தைக் குறிக்கும் ‘ஸ்டேஷன்’ என்ற சொல்லும் அந்த இலத்தீன் வேரிலிருந்து முளைத்ததுதான். ரயில் நிலையம் என்ற தமிழ்ச் சொல், வேரிலும் அதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

‘ஸ்டாட்டுஸ்’ பிரெஞ்சு மொழிக்குப் போனபோது ‘எஸ்டாட்’ ஆயிற்று. முன்னால் ஒரு ‘எ’ எப்படி வந்தது? ‘ஸ்’ என்ற ஒலியோடு மற்றொரு மெய் சேர்ந்து சொல்லின் தொடக்கத்தில் வந்தால் பழைய பிரெஞ்சுக்காரர்களுக்கு நா எழவில்லை. அதனால் முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும், ‘ஸ்டேஷன்’ என்பதை ‘இஸ்டேசன்’ என்றும் சொல்வதில்லையா? அதே கதைதான். பாட்டியின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் பேரப்பிள்ளைகள், ஒரு காலத்தில் பிரெஞ்சு மொழி முழுவதுமே அப்படித்தான் பேசிற்று என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

1066ஆம் ஆண்டு பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன்பின் சில நூறு ஆண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. அந்த வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது ‘எஸ்டேட்’. ‘ஸ்டேட்’ என்ற சொல்லும் அதனுடன் பிறந்ததே. பின்னாளில் நேராக இலத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் ‘ஸ்டேட்டஸ்’. ஆக, எஸ்டேட், ஸ்டேட், ஸ்டேட்டஸ் மூன்றும் ஒரு தாய் மக்கள். ஒன்று நிலத்தையும், ஒன்று அரசையும், ஒன்று அந்தஸ்தையும் குறிக்கின்றன. இந்த மூன்றும் எவ்வளவு நெருங்கியவை என்பதைத் தோட்டத்து மக்கள் பின்னர் பட்டுணர வேண்டியிருந்தது.

மூன்று வகுப்பார், நான்காம் தூண்

ஆங்கிலத்தில் ‘எஸ்டேட்’ முதலில் குறித்தது நிலத்தை அல்ல, மனிதனின் நிலையை. உடல்நிலை, வாழ்க்கை நிலை, சமூகத்தில் ஒருவருக்குள்ள தரம் ஆகியவற்றுக்கு அது பெயராக இருந்தது. வாலிபப் பருவம் ஓர் ‘எஸ்டேட்’. திருமண வாழ்வும் ஓர் ‘எஸ்டேட்’.

பிறகு அது சமூகப் பிரிவுகளின் பெயராயிற்று. ஐரோப்பாவில் மதகுருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாம் எஸ்டேட், மற்ற எல்லாரும் மூன்றாம் எஸ்டேட். பிரான்சில் இந்த மூன்று வகுப்பாரும் கூடும் பேரவை 1614ஆம் ஆண்டுக்குப் பிறகு கூட்டப்படவே இல்லை. கருவூலம் காலியான நெருக்கடியில் 16ஆம் லூயி மன்னர் 1789 மே மாதம் அதைக் கூட்டினார். மக்களில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினர். ஆனால் பழைய மரபுப்படி வகுப்புக்கு ஒரு வாக்கு. முதல் இரண்டும் சேர்ந்துகொண்டால் மூன்றாவது எப்போதும் தோற்கும். இதை ஏற்க மறுத்த மூன்றாம் வகுப்பினர், 1789 ஜூன் 17ஆம் நாள் தங்களைத் தேசிய மன்றம் என்று அறிவித்துக்கொண்டனர். அடுத்த மாதமே பஸ்தீய் சிறை வீழ்ந்தது.

நான்காவது எஸ்டேட் எது? பத்திரிகை. நாடாளுமன்றத்தில் நிருபர்கள் அமர்ந்திருந்த மாடத்தைக் காட்டி எட்மண்ட் பர்க் அப்படிச் சொன்னதாக, தாமஸ் கார்லைல் 1841இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். தமிழில் இது ‘நான்காம் தூண்’ ஆகிவிட்டது. சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்பவை மக்களாட்சியின் மூன்று தூண்கள், பத்திரிகை நான்காவது என்பது இன்று எல்லா மேடைகளிலும் கேட்கும் விளக்கம். கருத்து நல்லதே. ஆனால் சொல் பிறந்தபோது அங்கே தூண் ஏதும் இல்லை. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாருக்குப் பக்கத்தில் நாலாவதாக வந்து நின்றவர்கள்தாம் பத்திரிகையாளர்கள்.

நிலத்தை அளப்பது காலம்

மனிதனின் நிலையைக் குறித்த சொல் நிலத்துக்கு எப்படி வந்தது? அந்தக் காலத்தில் ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அவர் கையில் எவ்வளவு நிலம் இருக்கிறது என்பதே முடிவு செய்தது. அதனால் நிலையின் பெயர் மெல்ல நிலத்தின் பெயராயிற்று.

இங்கே ஆங்கிலச் சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. நார்மன் வெற்றிக்குப் பின் நிலம் முழுவதும் மன்னருக்கே சொந்தம் என்ற கொள்கை நிலைத்தது. மற்றவர்கள் நிலத்தை மன்னரிடமிருந்து பெற்று வைத்திருப்பவர்களே. அப்படியானால் அவர்களுக்குச் சொந்தமானது எது? நிலத்தின் மீது இத்தனை காலத்துக்கு என்று அமைந்த உரிமை. அதற்குப் பெயர்தான் ‘எஸ்டேட்’. வாரிசு இருக்கும்வரை தொடர்வது ஒரு வகை. ஆயுளோடு முடிவது ஒரு வகை. இத்தனை ஆண்டு என்று குத்தகைக்கு எடுப்பது ஒரு வகை. இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம், சட்டபூர்வமான நில எஸ்டேட்டுகளை இரண்டாகக் குறைத்தது: காலவரம்பில்லாத உரிமை ஒன்று, ஆண்டுக் கணக்குள்ள குத்தகை மற்றொன்று.

இது எங்கோ இருக்கும் சட்டம் என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை வாங்குபவர் 99 ஆண்டுக் குத்தகையைப் பெறுகிறார். மலேசியாவில் நிலப்பட்டா நிரந்தரமானதா, குத்தகையா என்று பார்த்த பிறகே வீட்டுக்கு விலை பேசுகிறார்கள். எல்லாம் அந்தப் பழைய கணக்கின் தொடர்ச்சிதான்.

‘ரியல் எஸ்டேட்’ என்பதில் வரும் ‘ரியல்’ என்ற சொல்லும் பலரைக் குழப்புவதுண்டு. மற்ற சொத்தெல்லாம் பொய்யா? இல்லை. இலத்தீனில் ‘ரேஸ்’ என்றால் பொருள். பறிபோன நிலத்துக்காக வழக்குப் போட்டால் அந்த நிலத்தையே திரும்பப் பெறலாம். மற்ற உடைமைகளுக்குப் பெரும்பாலும் இழப்பீடுதான். பொருளையே மீட்கக்கூடிய சொத்து என்பதால் நிலத்துக்கு அப்படிப் பெயர்.

கூடப் பிறந்தவை, ஒட்டி வந்தவை

‘எஸ்டேட்’ என்பதற்கு ஒத்த சொற்களை அகராதியில் பார்த்தால் ஒரு வரிசையே நிற்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பிறப்பு. ‘பிராப்பர்ட்டி’ என்பது ‘தன்னுடையது’ என்ற பொருளில் பிறந்தது. ‘அசெட்’ என்பதற்கு மூலப்பொருள் ‘போதுமானது’. இறந்தவரின் கடனை அடைக்கப் போதுமான சொத்து என்ற கருத்தில் வந்தது. ‘பிளாண்டேஷன்’ என்பது நடுதல். அதில் மரம் நடுவது மட்டுமின்றி, வேறு நாட்டில் மக்களைக் கொண்டுபோய்க் குடியேற்றுவதும் அடங்கும். அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் 1609 முதல் ஆங்கிலேயரையும் ஸ்காட்லாந்தினரையும் குடியேற்றிய திட்டத்துக்கு அதுவே பெயர்.

அந்தக் கார் கதையையும் முடித்துவிடலாம். கிராமப்புறத்தில் பெரும் நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் விருந்தினரையும் பெட்டிகளையும் ஏற்றிச்செல்ல வைத்திருந்த வண்டி பிரிட்டனில் ‘எஸ்டேட் கார்’ ஆயிற்று. அமெரிக்காவில் அதையே ‘ஸ்டேஷன் வேகன்’ என்கிறார்கள். ஒரு நாட்டார் அதைப் பண்ணையின் பெயரால் அழைக்கிறார்கள். மற்றொரு நாட்டார் ரயில் நிலையத்தின் பெயரால் அழைக்கிறார்கள். இரண்டு பெயருக்கும் வேர் அதே ‘நிற்றல்’!

தமிழிலும் இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை முகம்! மலேசியாவிலும் இலங்கையிலும் அது தோட்டம். சிங்கப்பூரில் வீடுகள் நிறைந்த ‘எஸ்டேட்’ வீடமைப்புப் பேட்டை. சென்னை கிண்டியில் தொழிற்கூடங்கள் நிறைந்தது தொழிற்பேட்டை. நீதிமன்றத்தில் அது சொத்து. பழைய சென்னை மாகாணத்தில் அது ஜமீன். அங்கே 1908இல் வந்த எஸ்டேட் நிலச் சட்டம் தேயிலைத் தோட்டத்துக்கானது அல்ல. ஜமீன்தாருக்கும் உழுபவனுக்கும் இடையிலான உரிமைகளைப் பற்றியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எஸ்டேட்டுகளை ஒழித்தது.

கடல் கடந்த எஸ்டேட்

இந்தச் சென்னை மாகாணத்திலிருந்துதான் பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறினர். இலங்கையில் காப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் ‘எஸ்டேட்’ எனப்பட்டன. மலாயாவிலும் அதே பெயர் வழங்கிற்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கு முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். பிறகு காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய நிறுவனங்கள் அவற்றை நடத்தின. ஆட்களைக் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று திரட்டினர். தொழிலாளர்கள் வெளியேறுவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்யும்வரை இது நடந்தது.

இங்கேதான் சொல்லுக்கும் வாழ்க்கைக்கும் இடையில் பெரிய முரண் தோன்றியது. ‘எஸ்டேட்’ என்றால் நிலத்தின் மீது ஒருவருக்குள்ள உரிமை. ஆனால் ‘எஸ்டேட்காரர்கள்’ என்று ஊரார் அழைத்த தமிழர்களுக்கு அந்த நிலத்தில் ஒரு சாண் உரிமையும் கிடையாது. வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. காய்கறி போட்ட கொல்லையும், கும்பிட்ட கோயில் நின்ற இடமும் கம்பெனி நிலமே. சட்டத்தின் பொருளில், எஸ்டேட்டில் வாழ்ந்தவர்களுக்கு ‘எஸ்டேட்’ இல்லை.

நூறு ஏக்கர் கணக்கு

மலாயாவின் ரப்பர் புள்ளிவிவரங்களில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. 100 ஏக்கரும் அதற்கு மேலும் இருந்தால் எஸ்டேட், குறைந்தால் சிறுதோட்டம். மரம் ஒன்றுதான், பால் ஒன்றுதான். பெயரை முடிவு செய்தது ஏக்கர்.

1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிச் சிறு சிறு பகுதிகளாக விற்றனர். தோட்டத் துண்டாடல் என்ற அந்தப் பெருங்கவலையைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் ஆய்வு நடந்து, 1951 முதல் 1960 வரையிலான நிலவரம் அறிக்கையாக வெளிவந்தது. 100 ஏக்கருக்குக் குறைந்ததும் கணக்கேட்டில் ‘எஸ்டேட்’ சிறுதோட்டமாக மாறியது. அங்கே தலைமுறையாகப் பால் வெட்டியவர்களுக்கோ வேலையும் லயத்து வீடும் சேர்ந்தே கேள்விக்குறியாயின.

அதே காலத்தை ஒட்டி ‘ஸ்டேட்டஸ்’ என்ற உடன்பிறப்பும் வந்து வாசலில் நின்றது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. பத்திரங்கள் இல்லாமலும் விவரம் புரியாமலும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்ட தொழிலாளர்கள் திணறினர். வேலை இழந்து இந்தியாவுக்கே திரும்பியவர்கள் பலர். நிலத்தில் உரிமை இல்லை, நாட்டில் நிலை இல்லை என்ற இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த வேளை அது.

மாதம் 10 வெள்ளி

இந்த இருளில் ஒரு விளக்கும் ஏற்றப்பட்டது. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர் அமைச்சர். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கும்படி பால்மரத் தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். தோட்டம் விலைக்கு வந்தால் அதைத் தொழிலாளர்களே கூட்டாக வாங்கிவிடலாம், அப்போது யாரும் அவர்களை வெளியேற்ற முடியாது என்பதே கணக்கு. அன்றாடக் கூலிக்காரருக்கு 10 வெள்ளி சிறிய தொகை அன்று. ஆயினும் கட்டினார்கள். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாக அமைந்தது.

சொல் வரலாற்றின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது சிறிய செய்தி அல்ல. தோட்டம் என்ற பொருளும், நில உரிமை என்ற பொருளும், மனிதனின் நிலை என்ற ஆதிப் பொருளும் பிரிந்து கிடந்தன. தொழிலாளரே பங்குதாரரான அந்தத் தோட்டங்களில் மூன்றும் மீண்டும் ஒன்றாக வந்து நின்றன.

பெயர் நிற்கிறது

பிறகு காலம் வேகமாக ஓடியது. பல தோட்டங்களில் பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்தது. 1981இல் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தை மலேசியா ஒரே காலைப்பொழுதில் தன்வசமாக்கிக்கொண்டதும், பெருந்தோட்டங்கள் நாட்டின் கைக்கு வந்ததும் நடந்தன. நகரங்கள் விரிந்தன, தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. சிலாங்கூரின் சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. சிங்கப்பூரில் ரப்பர்த் தொழிலில் தொடங்கிய புக்கிட் செம்பவாங் எஸ்டேட்ஸ், வீடுகள் கட்டி விற்கும் நிறுவனமாயிற்று. பெயரிலுள்ள ‘எஸ்டேட்ஸ்’ மாறவில்லை. அதன் பொருள்தான் பால்மரத்திலிருந்து வீட்டுக்கு மாறிவிட்டது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் இன்றும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல் இருக்கிறது. தோட்டம் என்று பொருள். சுற்றிலும் மரம் ஒன்றும் இருக்காது. அடுக்குமாடி வீடுகளும் நெடுஞ்சாலையும் இருக்கும். அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் பால் வெட்டும் உளியைக் கண்ணால் கண்டதில்லை. தோட்டம் போனாலும் அதன் பெயரைச் சுமந்து நிற்பது பள்ளிக்கூடம்தான். அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியது பெற்றோரின் கடமை.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் பிறந்து, பட்டணம் வந்து, பாடுபட்டுத் தாமானில் ஒரு சிறு வீடு வாங்கியவர்கள் ஏராளம். அவர்கள் மறைந்த பிறகு அந்த வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற நில அலுவலகத்துக்குப் போக வேண்டும். சிறிய சொத்துகளைப் பங்கிடுவதற்கென்று மலேசியாவில் 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரில் வரும் சொல்லும் ‘எஸ்டேட்’தான். உயில் எழுதாமலும் பெயர் மாற்றாமலும் இரண்டு தலைமுறையாகச் சிக்கிக் கிடக்கும் வீடுகள் தமிழர்களிடையே குறைவில்லை. நிலத்தில் உரிமையே இல்லாமல் லயத்தில் வாழ்ந்து முடித்தவர்களின் மகனோ மகளோ இன்று சட்டத்தின் பொருளில் ஓர் ‘எஸ்டேட்’டை விட்டுச் செல்ல முடிகிறது. அந்த உரிமை வந்துசேர மூன்று தலைமுறை ஆயிற்று. அதைப் பத்திரமாக அடுத்தவர் கையில் சேர்க்க முறையாக எழுதிய ஓர் உயில் உதவும்.